தாள் முடிந்த உயரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று உறுதியானது: புதிய தொடக்கப் பள்ளிக்குத் துறைமுகச் சாலை மனையை நகர்மன்றம் ஒதுக்கிவிட்டது. சொன்னவர் மன்றச் செயலர். தொலைபேசியில், மாலை நாலரைக்கு. மனை இப்போது கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர். மண் கொட்டி நான்கு மீட்டர் ஆக்குவார்களாம்.

"அந்தச் சுனாமியே மூணு புள்ளி ஒண்ணுதான் சார். மேல தொண்ணூறு சென்டிமீட்டர் விட்டிருக்கோம்" என்றார், கடலுக்கே சலுகை கொடுத்தவர் போல.

பத்திரிகைக்கு எட்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். பிறகு தங்கைக்குப் போன் செய்தேன். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவள்தான். 212 பிள்ளைகளை மேட்டுத் தெருவில் ஒரு பழைய கிடங்கில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு ஷிஃப்டாக உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாள். மழை பெய்தால் பாடம் கிடையாது, வாளிதான். பதினொரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கட்டடம். செய்தியைச் சொன்னதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணா, படம் போடுவாங்களா?"

மார்ச் 4, புதன்

சிறப்பிதழுக்கான அட்டவணை என் மேசைக்கு வந்தது, சரிபார்க்க. இந்த ஊரைச் சுனாமி அடித்து வரும் 28ஆம் தேதியோடு முப்பத்தாறு வருடம். முப்பத்தாறுக்கு எதற்குச் சிறப்பிதழ் என்று கேட்டேன். முப்பத்தைந்துக்கு விளம்பரம் சிக்கவில்லையாம்.

எங்கள் செய்தி ஆசிரியருக்கு அலுவலகத்தில் 'தலைப்பு' என்று பெயர். மனிதர் முழு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. "நிலநடுக்கம் பெற்ற பத்து அரக்க அலைகள்! எப்படி?" என்றார்.

எப்படியா? முதலிடம்: அலாஸ்காவின் லிட்டூயா விரிகுடா, 1958, 524 மீட்டர். பக்கத்தில் ஓர் அலை அடுக்குமாடிகளை விழுங்குகிற படம். அங்கே நடுக்கத்தில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து குறுகிய விரிகுடாவுக்குள் விழுந்தது. எதிர்ச்சரிவில் நீர் தெறித்து ஏறி மரங்களை உரித்த உயரம் அது. அந்த உயரத்தில் எந்த அலையும் ஊர்வலம் போகவில்லை. அன்று விரிகுடாவுக்குள் நின்ற ஒரு படகு அலைமேல் ஏறி இறங்கித் தப்பியே விட்டது. இரண்டாமிடம்: ஜப்பானின் தெற்குத் தீவுகள், 1771, 85 மீட்டர். பழைய ஏட்டில் இருந்த எண். பின்னால் வந்து தடயங்களை ஆராய்ந்தவர்கள் முப்பதுக்குப் பக்கம்தான் என்கிறார்கள். ஏழாமிடம் கிரகட்டோவா, 1883. அது எரிமலை. அதைப் பெற்றது நிலநடுக்கம் இல்லை, தலைப்பாரே.

சுமத்ரா 2004, ஐம்பத்தொன்று. ஜப்பான் 2011, நாற்பது. சிலி 1960, இருபத்தைந்து. இவையெல்லாம் நீர் கரையேறிப் போய் எட்டிய உச்சம், எங்கோ ஒரு சரிவில், ஒரே ஓர் இடத்தில். அடுத்த ஊரில் அதில் பாதிகூட இருந்திருக்காது. எங்கள் பக்கத்தில் எல்லாமே 'அலையின் உயரம்'. மாடிச் சுவரில் தெறித்த தண்ணீரைப் பார்த்து வாளியின் ஆழம் சொல்கிற கூட்டம்.

அடியில் ஒரு சின்னப் பெட்டி: 'நம் ஊர் – 3.1 மீட்டர்.' இந்தப் பக்கத்தில் ஒழுங்கான எண் அது ஒன்றுதான் என்று நினைத்து, டிக் அடித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம். மற்ற பத்துக்கும் ஆதாரம் எழுதியாகிவிட்டது, 3.1க்கும் ஒன்று எழுதிவிடலாம் என்று துறைமுக அலுவலகத்தைக் கேட்டேன்.

"மன்றத்து அறிக்கையில இருக்கே சார்."

மன்றப் பொறியாளரைக் கேட்டேன். "மாவட்டக் கையேட்டுல இருக்கே சார்."

கையேட்டை நூலகத்தில் பார்த்தேன். பக்கம் 88, அடிக்குறிப்பு: 'தகவல் – துறைமுக அலுவலகம்.'

143 பேரைக் கொண்டுபோன தண்ணீர். அதன் உயரத்துக்கு மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நிற்கின்றன. மூன்றிலும் காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது.

மார்ச் 9, திங்கள்

கையேட்டின் முதல் பதிப்பு கிடைத்தது. நூலகர் தும்மிக்கொண்டே எடுத்துத் தந்தார். அதில் அடிக்குறிப்பு வேறு: எங்கள் பத்திரிகையின் பெயர், சுனாமிக்கு இரண்டு நாள் கழித்த தேதி, முதல் பக்கம், 'நமது நிருபர்'.

அந்த வருடம் இந்த ஊரில் எங்கள் பத்திரிகைக்கு ஒரே ஒரு நிருபர்தான்.

மார்ச் 10, செவ்வாய்

நான்தான்.

மார்ச் 11, புதன்

அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த வருடத்துக் குறிப்பேட்டை இறக்கினேன். ஒருவேளை அன்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. இருக்கிறது, என் கையெழுத்திலேயே, கடல் ஏறி இறங்குவதைத் தாளில் கோடாக இழுக்கும் துறைமுகக் கருவியைப் பார்த்துவிட்டு எழுதியது:

'பிற்பகல் 3. நீர்மட்ட அளவிக் கூண்டு. பெட்டிக்குள் தாள் ஈரம், பென்சில் கோடு தெளிவு. 3.1இல் தாளின் மேல்விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டது. அப்புறம் நேர்கோடு. காவலர்: அதுக்கு மேல தாள் இல்ல தம்பி.'

தெரிந்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறேன். அன்று ஊரில் வேலை செய்த ஒரே போன் தபால் நிலையத்தில். பின்னால் முப்பது பேர் வரிசை. ஒவ்வொருவரும் யாரையோ தேடுகிறவர்கள். மறுமுனையில் தலைமை அலுவலகம்: "உயரம் எவ்வளவுப்பா? ஒரே ஒரு நம்பர் குடு, லைன் போயிடும்." கொடுத்தேன். 'கருவி அதோடு நின்றுவிட்டது, தண்ணீர் அதற்கும் மேலே' என்று சொல்ல ஐந்து வினாடி ஆகியிருக்கும். மறுநாள் விரிவாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அமைச்சர் வந்தார்.

2011இல் ஜப்பானின் மியாகோ துறைமுகத்திலும் அளவி இப்படித்தான் முடங்கியது. அவர்கள் ஏட்டில் இருப்பது: '8.5 மீட்டர் அல்லது அதற்கும் மேல்.' அந்த 'அதற்கும் மேல்' எழுத அவர்களுக்குக் கை வந்தது.

ஊரில் எத்தனை பேர் சொன்னார்கள், தண்ணீர் மாடிக்கு வந்தது, மரத்துக்கு மேலே போனது என்று! அதிகாரிகள் ஒவ்வொரு முறையும் 3.1ஐத் தூக்கிக் காட்டி அவர்களை உட்காரவைத்தார்கள். பயத்துல அப்படித்தான் தெரியும்மா, கருவி பொய் சொல்லாது. ஆமாம், கருவி பொய் சொல்லவில்லைதான்.

மார்ச் 12, வியாழன்

துறைமுக அலுவலகத்துக் கிடங்கு. தகரக் குழாய்களில் சுருட்டிவைத்த தாள்கள். எழுத்தர் ஒருவர் உதவினார். உதவி என்றால், சாவியைத் தந்துவிட்டு டீ குடிக்கப் போனார். இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது.

கோடு ஏறுகிறது, விளிம்பைத் தொடுகிறது, பிறகு அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போகிறது, இருபத்திரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமில்லை, கடிகாரமும் நின்றுவிட்டது.

எழுத்தர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "மூணு புள்ளி ஒண்ணு. கரெக்டா இருக்கே சார்?"

"இருபத்திரண்டு நிமிஷம் கடல் அசையாம நின்னுச்சா?"

"அப்படித்தானே சார் போட்டிருக்கு?"

படம் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"துறைமுகச் சாலையில எங்க வீட்டு மாடி ஜன்னல் வழியா தண்ணி உள்ள வந்துச்சு. எங்கப்பா என்னைத் தூக்கி மொட்டைமாடித் தொட்டி மேல உட்காரவச்சார். மறுநாளுக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்தோம், மூணு மீட்டர்னு. எவன்டா இவன் எழுதினவன்னு அப்பா கேட்டார்."

"நான்தான்னு எப்போ தெரியும்?"

"கல்யாணத்துக்கு அப்புறம்தான். முன்னாடியே தெரிஞ்சிருந்தா கழுத்தை நீட்டியிருப்பேனா?"

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டீங்களா?"

முப்பத்துமூன்று வருடம். ஊரில் ஒருவர் விடாமல் பேட்டி எடுத்தவன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றாள். போட்டுக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

தங்கை வீடு. மேசை முழுக்கக் கட்டட வரைபடம். ஜன்னல்களுக்கு என்ன நிறம் என்று பென்சிலால் எழுதியிருந்தாள். மஞ்சள்.

நடந்ததைச் சொன்னேன். முடித்ததும், "இப்போ என்ன பண்ணப் போறே?"

"திருத்தம் போடணும்."

"எவ்வளவு உயரம்னு போடுவே?"

"தெரியாதுன்னுதான் போட முடியும்."

"முப்பத்தாறு வருஷம் கழிச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கோன்னு ஊருக்குச் சொல்றதுக்கு ஒரு திருத்தம். ரொம்ப நல்லா இருக்கு அண்ணா."

"மனை தாழ்வும்மா. அங்கே பிள்ளைங்களை…"

"இங்கே மட்டும் என் பிள்ளைங்க மாளிகையிலயா இருக்கு? போன மாசம் கூரைத் தகடு பேத்துக்கிட்டு விழுந்துச்சே, அதுக்கு எத்தனை வரி எழுதினே நீ?"

மூன்று வரி. சொல்லவில்லை.

"இந்த மனை போச்சுன்னா அடுத்தது எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம்தான். கட்டி முடிக்கட்டும். திறப்பு விழா அன்னிக்குப் போடு உன் திருத்தத்தை. ரிப்பன் வெட்டின கத்திரியை அப்படியே உன்கிட்ட தர்றேன், நாக்கை வெட்டிக்கோ."

அவள் கணவர் காபி கொண்டுவந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு, டம்ளர்களோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

திருத்தத்தைத் தலைப்பிடம் கொடுத்தேன். படித்தார். முகம் மலர்ந்தது. "முப்பத்தாறு ஆண்டுப் பொய்! நிருபர் கண்ணீர்!"

"கண்ணீர் எல்லாம் இல்லை."

முகம் வாடியது. "அப்போ ஏழாம் பக்கம். நாலு வரி."

மார்ச் 19, வியாழன்

வந்துவிட்டது. ஏழாம் பக்கம், குறுக்கெழுத்துக்குக் கீழே. 'இந்த ஊரைத் தாக்கிய ஆழிப்பேரலையின் உயரம் 3.1 மீட்டர் என முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் வெளியான செய்தி தவறு. அது கருவி பதிவுசெய்யக்கூடிய எல்லை மட்டுமே. உண்மை உயரம் அதைவிட அதிகம். எவ்வளவு எனத் தெரியவில்லை.'

மார்ச் 20, வெள்ளி

இரண்டு போன் வந்தன. இரண்டும் குறுக்கெழுத்தில் பதினான்கு மேலிருந்து கீழ் தப்பு என்று.

மார்ச் 24, செவ்வாய்

நகர்மன்றக் கூட்டம். பொதுமக்கள் பேசலாம் என்ற நேரத்தில் எழுந்தேன். தாளின் படத்தைப் பெரிதாக்கி எடுத்துப் போயிருந்தேன். இந்த எண்ணை எழுதியவன் நான், தவறாக எழுதினேன் என்றேன். முன்வரிசையில் தங்கை இருந்தாள். திரும்பவில்லை.

பொறியாளர் எழுந்தார். "சார், உங்க பேப்பரை நம்பித்தானே நாங்க கணக்குப் போட்டோம்?"

"இப்போ அதே பேப்பர் தப்புன்னு சொல்லுது."

"எந்தப் பக்கத்துல?"

சிரித்தார்கள். தலைவர் மேசையைத் தட்டி ஒரு வழி கண்டுபிடித்தார்: நாலு மீட்டர் என்பதை நாலரை ஆக்கிவிடலாம். எல்லோரும் கை தூக்கினார்கள். எதைவிட அரை மீட்டர் அதிகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. உயரம் தெரியாத ஒன்றுக்குப் பாதுகாப்பு இடைவெளி விடுவது எப்படி என்று எந்தப் பொறியியல் கல்லூரியில் கற்றுத் தருகிறார்கள், தெரிந்தால் நானும் சேர்ந்துகொள்வேன்.

வெளியே வரும்போது தங்கை என்னைத் தாண்டிப் போனாள். "சந்தோஷமா?" என்றாள். நிற்கவில்லை.

மார்ச் 25, புதன்

காலை ஏழு மணிக்குத் தங்கையின் போன். வணக்கம், நலமா, ஒன்றும் கிடையாது.

"உயரம் தெரியாது. சரி. நேரம் தெரியுமா?"

"எந்த நேரம்?"

"பூமி ஆடினதுக்கும் தண்ணி வந்ததுக்கும் நடுவுல. உன் தாள்ல அது இருக்கா இல்லையா?"

வைத்துவிட்டாள்.

படத்தை மறுபடி எடுத்தேன். இருக்கிறது. கோடு ஏறுவதற்கு முன்பு, இடப்பக்கம், பூமி ஆடியதில் பென்சில் நடுங்கி ஒரு சின்னக் கரி உருண்டை போட்டிருக்கிறது. அங்கிருந்து நீர் ஏறத் தொடங்கும் இடம் வரை கட்டங்களை எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். பதினான்கு நிமிடம்.

இத்தனை வருடமும், இந்த இரண்டு வாரமும்கூட, நான் அந்தத் தாளின் மேல்விளிம்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம், உயரம், உயரம். தலைப்பைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை? அவர் 524ஐப் பார்த்து வாயைப் பிளந்தார், நான் 3.1ஐப் பார்த்து. ஓட வேண்டியவர்களுக்கு எது தேவை என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. முப்பத்தெட்டு வருட அனுபவமாம். தூ.

பதில் அனுப்பினேன்: 14.

மார்ச் 27, வெள்ளி

காலை பத்து மணி, துறைமுகச் சாலை மனை. முதல் வகுப்புப் பிள்ளைகள் 31 பேர், இரண்டு ஆசிரியைகள், தங்கை. புதுப் பள்ளி வரப்போகிற இடத்தைப் பார்க்க வந்திருப்பதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள். கடிகாரம் பார்க்க என்னை வரச் சொல்லியிருந்தாள், வேறொன்றும் பேசவில்லை.

விசில் ஊதினாள். "எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டு வேகமா மேட்டுத் தெருவுக்கு. ஓடக் கூடாது, தள்ளக் கூடாது."

இரண்டாம் நிமிடம் ஒருத்தியின் செருப்பு அறுந்தது. நாலாம் நிமிடம் ஒருவனுக்கு ஒண்ணுக்கு வந்தது. ஆறில் ஒரு நாய். பாதிப் பேர் நின்று பார்த்தார்கள். பெரிய சாலையைக் கடக்க லாரிகளை நிறுத்த வேண்டியிருந்தது, அதில் ஒன்றரை நிமிடம். "மிஸ், போட்டியா மிஸ்? யாரு ஃபர்ஸ்ட் மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டே வந்தாள். நல்ல வெயில், நல்ல சாலை, ஒரு சுவரும் இடிந்து கிடக்கவில்லை, யாரும் அழவில்லை.

கடைசிப் பிள்ளை மேட்டுத் தெருவில் கால் வைத்தபோது பத்தொன்பது நிமிடம், நாற்பது வினாடி.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். தங்கைக்கு மூச்சு வாங்கியது.

"பதினாலாவது நிமிஷத்துல எங்கே இருந்தோம்?"

"பெட்ரோல் பங்க் வாசல்ல."

"அது எவ்வளவு உயரம்?"

"பொறியாளர் வரைபடத்துல மூணரை மீட்டர்."

"எத்தனை பேர்?"

"முப்பத்தொண்ணும்."

தலையாட்டினாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போனாள்.

மார்ச் 28, சனி

சிறப்பிதழ் வந்தது. 524 மீட்டர் அலை வண்ணத்தில். கிரகட்டோவாவை எடுத்துவிட்டு, 'பத்து' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது. எங்கள் ஊர்ப் பெட்டிக்குப் புதுத் தலைப்பு: 'கருவியையே தோற்கடித்த அலை!'

மாலை கடற்கரையில் 143 பேரின் பெயரை வாசித்தார்கள். மனைவியோடு போனேன். அவள் அப்பா நாலு வருடம் கழித்து நோயில் போனவர், பட்டியலில் இல்லை. ஆனாலும் கடைசிப் பெயர் வரை நின்றாள்.

மார்ச் 31, செவ்வாய்

தங்கை மனையை மறுத்து நகர்மன்றத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டாள். பெற்றோர் சங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, சிலர் போடவில்லை. கைக்கு வந்த கட்டடத்தைத் தட்டிவிட்டாள் என்று வாசலிலேயே ஒருவர் கத்தினாராம். கடிதத்தின் நகலை என் அலுவலகத்தில் தானே வந்து கொடுத்தாள். ஒரு பக்கம்தான். உயரம் பற்றி ஒரு சொல் இல்லை. 14, 19, 31 – மூன்று எண்கள். பள்ளி நடக்கும் கிடங்குக்குப் பின்னால், மேட்டிலேயே, அரசின் காலி மனை ஒன்று இருப்பதைச் சொல்லி அதைக் கேட்டிருந்தாள். இந்த முப்பத்தெட்டு வருடத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த காகிதங்களில் இதைவிடச் சுத்தமான செய்தியை நான் பார்க்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கே" என்றேன்.

"நீ அன்னிக்கே ஒழுங்கா எழுதியிருந்தா, அந்த மனையை எவனும் என்கிட்டக் காட்டியே இருக்க மாட்டான். பதினொரு வருஷம் நான் அதுக்காக ஏறி இறங்கியிருக்க மாட்டேன். இந்த மேட்டு மனையை அப்போவே கேட்டிருப்பேன். இந்நேரம் என் முதல் பேட்ச் காலேஜ் போயிருக்கும், மஞ்சள் ஜன்னல் வச்ச ஸ்கூல்லேருந்து."

கடிதத்தை எடுத்து மூன்று எண்களுக்கும் அடியில் கோடு போட்டேன்.

தலைப்பு எட்டிப் பார்த்து, "பள்ளியைத் துறந்த தலைமை ஆசிரியை!" என்றார். தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்: "உட்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?"

கடிதத்தை முழுசாக, ஒரு வரி வெட்டாமல், முதல் பக்கத்தில் போட்டோம்.

ஏப்ரல் 9, வியாழன்

செயலரிடம் கேட்டு எழுதிக்கொண்டது, காலை பதினொன்றரை. துறைமுகச் சாலை மனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ரத்து என்று சொல்ல மாட்டாராம்; நிறுத்திவைப்பு. கடலோர அளவைக் குழு மே இரண்டாம் வாரம் வரும். பழைய மண்ணைத் தோண்டிப் பார்த்து, நீர் எட்டிய இடங்களைக் குறிக்கும். மனைவியின் பெயரைச் சாட்சிகள் பட்டியலில் முதலில் சேர்த்திருக்கிறார்கள். உயரம் எவ்வளவு என்பது அவர்கள் அறிக்கை வந்த பிறகுதான். ஆகஸ்ட் கடைசி என்கிறார்கள். அதுவரை மன்ற ஏட்டில் அந்தக் கட்டத்தில் 3.1ஐ அடித்துவிட்டு வெறும் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் இதுவரை எழுதப்பட்டதில் உண்மையானது அந்தக் கோடுதான்.

மேட்டு மனை பற்றிய முடிவு ஏப்ரல் 28, செவ்வாய், காலை பதினொரு மணிக் கூட்டத்தில். துறைமுகச் சாலையே போதும் என்கிற தலைவர் பக்கம் ஐந்து பேர், மேட்டுக்கு ஆதரவாக நான்கு, இரண்டு பேர் இன்னும் வாய் திறக்கவில்லை. மழை ஜூன் முதல் வாரம் என்கிறது வானிலை நிலையம். தங்கை கூட்டத்துக்கு என்னை வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.